மேடையில் வளர்ந்த பாட்டு

ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இசைத்தட்டிலிருந்தே தொடங்குகின்றனர். திருகோணமலைச் சகோதரர்களான பரமேஸ், கோணேஸ் ஆகியோரையும் அவ்வாறே நினைவு கூர்கின்றனர். ‘உனக்குத் தெரியுமா’ என்ற பாட்டும், ஈழத்தின் முதல் தமிழ் இசைத்தட்டுக்கு உரியவர் என்று பரமேசுக்கு வழங்கப்படும் பெருமையும் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. அப்பெருமையை நான் மறுக்கவில்லை. ஆயினும், தட்டில் ஏறுமுன் ஒரு பாட்டு மேடையில் வாழ்ந்த வாழ்வை நாம் ஆராயாது விட்டோம் என்பதே என் குறை.

பீட்டில்ஸ் குழுவினர் லிவர்ப்பூல் என்னும் துறைமுக நகரிலே தோன்றியவர்கள். 1960 முதல் ஹம்பேர்க் என்னும் இன்னொரு துறைமுக நகரின் விடுதிகளில் இரவிரவாகப் பாடிப் பழகினர். ‘லவ் மீ டூ’ இசைத்தட்டாக வந்தது 1962 ஒக்டோபரிலேதான். அந்த மேடைப் பயிற்சியின் வரலாற்றை மேனாட்டார் நாள்வாரியாகத் தொகுத்து வைத்திருக்கின்றனர்.

நமக்கும் இது புதிய செய்தியன்று. மட்டக்களப்புக் கூத்திலே சட்டங்கொடுத்து, சதங்கை கட்டி, அதன் பின்னரே அரங்கேற்றம் நிகழும். நடிகனின் குரலுக்கும் பிற்பாட்டுக்காரரின் ஓசைக்கும் ஏற்ப அண்ணாவியார் பாட்டைப் பதப்படுத்துவார். எழுத்தில் கிடந்த பாட்டு அவையிலே நிறைவு பெறும்.

பொப் இசை மேனாட்டுப் போலி. அதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பாருளர். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் கருநாடக இசையிலே புகுந்த வயலினை இன்று யாரும் அந்நியம் என்பதில்லை. ஹார்மோனியம் இன்றி இசைநாடகம் ஏது? 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த திருகோணமலையில் கித்தார் ஒலித்ததில் வியப்புமில்லை, குற்றமுமில்லை. ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்து ஒலித்தது. 1977இல் இளையராஜாவின் இசையில் தமிழகத் திரைப்படத்திலும் புகுந்தது. பாட்டு ஊர் மாறும்போது சொல்லும் நடையும் மாறுகின்றன. அம்மாற்றத்தை ஆராய்வது இலக்கிய மாணவனின் பணியேயாகும்.

ஆனால், எதை வைத்து ஆராய்வது? 1983இன் பின் போரும் இடம்பெயர்வும் வீடுகளைச் சிதறடித்தன. 2004இன் ஆழிப்பேரலை கரையோரத்தை வாரிச் சென்றது. அத்தனைக்கும் தப்பிய பாட்டுக் கொப்பிகளும் ஒலிநாடாக்களும் நிகழ்ச்சித் துண்டுப்பிரசுரங்களும் யார் வீட்டுப் பெட்டியிலேனும் இருத்தல் கூடும். அவற்றைவிட விரைவில் மறைவது மனித நினைவு. அன்று வாத்தியம் வாசித்தோரும் முன்வரிசையில் இருந்து கேட்டோரும் இன்று முதுமை எய்திவிட்டனர். எந்தச் சரணத்துக்கு அவை கைதட்டியது, எது பிடிக்காமற் கைவிடப்பட்டது, எந்தச் சொல் இடையிலே மாறியது என்பவற்றை அவர்கள் மட்டுமே சொல்லக்கூடும்.

திருகோணமலையின் பாடசாலைத் தமிழ் மன்றங்கள் இப்பணியை மேற்கொள்ள வேண்டும். விழா எடுத்துப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல், மாணவர்களை அம்முதியோரிடம் அனுப்பி அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, ஊர் நூலகத்திலே வைக்க வேண்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. காலம் மட்டுமே குறைவாக உள்ளது.