விருந்தால் வளரும் நட்பு

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். முன்பின் அறியாத புதியவரே விருந்தினர் எனப்பட்டனர். உறவினரைப் பேணுவது சுற்றந்தழால். புதியவரைப் பேணுவது விருந்தோம்பல். திருவள்ளுவர் இவ்விரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்துள்ளார். அறியாதவரை அறிந்தவராக்குவதே விருந்தோம்பலின் சிறந்த பயன். நாடுகளுக்கிடையே நட்பை வளர்க்க விரும்புவோர்க்கு இப்பழம்பண்பு இன்றும் வழிகாட்டுகிறது.

அரசுகள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகள் போரைத் தடுக்க உதவும். ஆயினும், மக்கள் ஒருவரையொருவர் அறியாதிருக்கும்வரை அவ்வுடன்படிக்கைகள் வேரற்ற மரங்களே. அறியாமை அச்சத்தை வளர்க்கும். அச்சம் பகையை வளர்க்கும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் இவ்வுண்மையை உணர்ந்தோருள் ஒருவர் அமெரிக்கரான பாப் லூயிட்வைலர். அவரும் நண்பர்களும் 1949இல் டென்மார்க் நாட்டில் அமைதிக்கான ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். அது பின்னர்ச் செர்வாஸ் எனப் பெயர் பெற்றது. உலகப் பொதுமொழியாக ஆக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் அச்சொல் தொண்டு செய்தலைக் குறிக்கும்.

இவ்வியக்கத்தின் முறை எளியது. பயணம் செய்ய விரும்புவோரை இயக்கத்தார் நேரிற்கண்டு உரையாடுவர். தகுதியுடையார்க்கு அறிமுகக் கடிதம் அளிப்பர். பயணி தாம் செல்லும் ஊரில் விருந்தேற்க இசைந்துள்ள குடும்பத்திற்கு முன்னரே எழுதி இசைவு பெறுவார். பெரும்பாலும் இரண்டு இரவுகள் அவ்வீட்டில் தங்குவார். அதற்குப் பணம் கொடுப்பதும் இல்லை, பெறுவதும் இல்லை. இந்தியா உட்படப் பல நாடுகளில் இவ்வியக்கம் பரவியுள்ளது.

விடுதியில் தங்கினால் ஆகாதோ எனச் சிலர் வினவலாம். விடுதியில் தங்குவோர் ஊரைக் காண்பர். வீட்டில் தங்குவோரே மக்களைக் காண்பர். விடியலில் எழுந்து நீர் சுமக்கும் தாயையும், விளக்கருகே பாடம் படிக்கும் சிறுவனையும், விலைவாசி பற்றிக் கவலையுறும் தந்தையையும் விடுதியில் காண இயலுமா? தம் வீட்டுக் கவலையே பிற நாட்டு வீட்டிலும் உண்டு என்று உணர்பவர், அந்நாட்டாரை எளிதிற் பகைவர் என எண்ணார்.

காந்தியடிகளின் வாழ்வில் இதற்குச் சான்று உண்டு. ஆங்கிலப் பெண்மணியான மூரியல் லெஸ்டர் 1926இல் சபர்மதி ஆசிரமத்தில் அடிகளின் விருந்தினராகத் தங்கினார். வட்டமேசை மாநாட்டிற்காக 1931இல் இலண்டன் சென்ற அடிகள், உயர்ந்த விடுதிகளை நாடாது, ஏழைத் தொழிலாளர் வாழும் கிழக்கு இலண்டனில் அப்பெண்மணி நடத்திய கிங்ஸ்லி மன்றத்தில் தங்கினார். அன்றைய விருந்தினர் விருந்தளிப்பவரானார். பின்னர் அடிகள் இலங்காஷயருக்கும் சென்றார். அந்நியத் துணி மறுப்பினால் அங்குள்ள ஆலைத்தொழில் மேலும் நலிந்திருந்தது, வேலையிழந்தோர் பலர். அவர்கள் நடுவே டார்வென் என்னும் ஊரில் அடிகள் ஒரு வீட்டில் விருந்தினராக இருந்தார். சினந்து எதிர்க்க வேண்டியவரே அவரைச் சூழ்ந்து ஆரவாரித்து வரவேற்றனர். கொள்கை மாறுபட்டோரும் நேரிற்கண்டு பழகினால் பகைமை தணியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்துள்ள ஓமந்தூர் போன்ற சிற்றூர்களும் இத்தொண்டில் பங்கு கொள்ளலாம். இவ்வட்டாரத்தார் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என வழங்குவர். தென்னமெரிக்காவில் தோன்றிய அப்பயிர், பிலிப்பைன் தீவுகளிலுள்ள மணிலா நகரின் பெயரைத் தாங்கி இம்மண்ணில் வேரூன்றியது. அயல்நாட்டுப் பயிருக்கு இடந்தந்த ஊர், அயல்நாட்டு மனிதருக்கு இடந்தர அஞ்சுவானேன்? இதே மாவட்டத்தில் ஆரோவில் நகரம் 1968 பிப்ரவரி 28ஆம் நாள் தொடங்கப்பெற்றபோது, 124 நாடுகளின் மண்ணை இளைஞர் ஒரே தாழியில் இட்டனர். மண் கலப்பதற்கு ஒரு நாள் போதும். மனம் கலப்பதற்கு உடனுண்டு உடனுறைதல் வேண்டும்.

‘எங்கள் வீடு சிறியது, எங்கள் உணவு எளியது’ என்று நாணுவோர் உளர். அந்நாணம் வேண்டாதது. கடன் வாங்கி ஆறு வகைக் கறி சமைத்தால், விருந்தினர் காண்பது அவ்வீட்டின் வாழ்க்கையை அன்று. அதை மறைக்கும் திரையை. கூழாயினும் கூடியிருந்து உண்பதே சிறப்பு. விருந்தினர்க்கும் கடமை உண்டு. வறுமையை வேடிக்கை பார்க்க வருவோர் விருந்தினர் ஆகார். இட்டதை உண்டு, இயன்ற வேலையில் கைகொடுத்து, வீட்டாரின் வழக்கங்களை மதித்து நடப்பவரே நல்ல விருந்தினர்.

இவை யாவினும் முதன்மையானது ஒன்றுண்டு. கடல் கடந்து வந்தவரைக் கூடத்தில் அமர்த்தி உண்பிக்கும் ஒருவர், அடுத்த தெருவில் வாழ்பவரை வாயிலிலேயே நிறுத்தினால் அதனை விருந்தோம்பல் எனலாமா? அது வெறும் பெருமை நாட்டமே. இவ்விடத்தில் ஓமந்தூரிற் பிறந்த ஒருவரை நினைத்தல் தகும். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வராக விளங்கிய இராமசாமி ரெட்டியாரே அவர். அவருடைய ஆட்சியில், 1947இல், கோயில் நுழைவு உரிமைச் சட்டம் நிறைவேறியது. தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்ட மக்களுக்குக் கோயிற்கதவைத் திறந்தது அச்சட்டம். கோயிலின் கதவைச் சட்டம் திறக்கலாம். வீட்டின் கதவை அவரவர் நெஞ்சமே திறத்தல் வேண்டும்.

ஆதலின், உலக நட்பை விரும்பும் மாணவர் அயல்நாட்டு விருந்தினர் வரும் நாளை எதிர்நோக்கி வாளா இருத்தல் வேண்டா. உடன் பயிலும் தோழன் எத்தெருவில் பிறந்தவனாயினும், அவனைத் தம் இல்லத்திற்கு அழைத்து ஒருங்கிருந்து உண்ணலாம். அவன் இல்லத்திற்குத் தாமும் சென்று உண்ணலாம். அங்ஙனம் பழகிய இளைஞரே நாளை எந்நாட்டினரையும் அச்சமின்றி வரவேற்பர். எந்நாட்டிலும் நல்ல விருந்தினராய் நடப்பர். உலக நட்பு என்னும் நெடுவழி அடுத்த வீட்டு வாயிலிலிருந்தே தொடங்குகிறது.