ஈ ஏ டி ஜி பி ஈ என்ன வேதமா?

கிடார் வகுப்புக்குப் போன எல்லாருக்கும் முதல் நாள் சொல்லித்தர மந்திரம் ஒண்ணுதான். தடிச்ச கம்பியில ஆரம்பிச்சு ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இதை மாத்தி ட்யூன் பண்ணலாமான்னு கேட்டுப் பாருங்க. நான் போன வகுப்புல மாஸ்டர் சொன்ன பதில்: "அதெல்லாம் குறுக்கு வழி. மொதல்ல எஃப் கார்டை ஒழுங்கா பிடி."

எஃப் கார்டு தெரியாதவங்களுக்கு: ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு முதல் ஃப்ரெட்ல கம்பிகளை அமுக்கணும், மத்த விரல்கள் வேற வேலை பார்க்கணும். கிடாரைப் பரண்ல தூக்கிப் போட்டவங்கள்ல பாதிப் பேர் போட்டது இந்த இடத்துலதான்னு நினைக்கிறேன். எங்க வகுப்புல சுண்டுவிரல் சரியா மடங்காத பொண்ணு ஒருத்தி இருந்தா. காது அவ்வளவு சுத்தம். மூணு மாசம் எஃப் கார்டோட மல்லுக்கட்டிட்டு நின்னுட்டா. அதனாலதான் 'குறுக்கு வழி'ங்கிற வார்த்தை எனக்குக் கோபத்தை வரவழைக்குது.

இந்த ஈ ஏ டி ஜி பி ஈ வானத்துல இருந்து விழுந்ததா? இல்லை. பழைய ஐரோப்பியக் கிடார்ல அஞ்சு ஜோடிக் கம்பிதான். 18ஆம் நூற்றாண்டுக் கடைசியிலதான் ஆறாவது வந்து சேர்ந்துச்சு. கம்பிக்குக் கம்பி அஞ்சு ஃப்ரெட் தூரம், ஜிக்கும் பிக்கும் நடுவுல மட்டும் நாலு. எல்லாமே அஞ்சுன்னு வச்சா கார்டு பிடிக்க விரல் பத்தாது, அதுக்காக ஒரு சமரசம். நல்ல சமரசம்தான், எந்த ஸ்கேல்ல பாட்டு வந்தாலும் சமாளிக்கலாம். எங்க அக்கவுண்டன்சி புத்தகத்துல கணக்கியல் மரபுகள்னு ஒரு பாடம் உண்டு. வசதிக்காக எல்லாரும் ஒத்துக்கிட்ட வழக்கம், அவ்வளவுதான். ஸ்டாண்டர்டு ட்யூனிங்கும் அந்த ரகம்.

ஜோனி மிட்செல் கதையைப் பாருங்க. கனடாக்காரம்மா, 1943ல பிறந்தவங்க. ஒன்பது வயசுல போலியோ வந்து இடது கை பலவீனமாயிடுச்சு. வழக்கமான கார்டு ஷேப்பெல்லாம் அந்தக் கைக்குச் சிரமம். கையை மாத்த முடியாது, கம்பியை மாத்தலாமே! திருகைத் திருகித் திருகி 50க்கு மேல ட்யூனிங் உருவாக்கிட்டாங்க. சும்மா தட்டினாலே ஒரு கார்டு கேக்கும், இடது கைக்கு ஒண்ணு ரெண்டு விரல் வேலைதான் பாக்கி. 1971ல வந்த 'ப்ளூ' ஆல்பத்தைக் கேட்டுட்டு இது குறுக்கு வழின்னு யாராவது சொல்லட்டும். 2015ல மூளையில ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சு படுத்தவங்க, தன்னோட பழைய வீடியோவையே பார்த்து விரலை எங்க வைக்கிறதுன்னு மறுபடி கத்துக்கிட்டு, 2022ல நியூபோர்ட் விழா மேடையில கிடார் வாசிச்சாங்க. வயசு 78!

ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேல. ஓப்பன் ஜி ட்யூனிங் வச்சுக்கிட்டு ஆறாவது கம்பியையே கழட்டி எறிஞ்சுட்டார்.

எனக்குப் பிடிச்சது டி ஏ டி ஜி ஏ டி. இங்கிலாந்துக்காரர் டேவி கிரஹாம் 1960களின் தொடக்கத்துல பிரபலப்படுத்தினது. மொராக்கோவுல ஊத் வாசிக்கிறவங்களோட சேர்ந்து வாசிக்கத் தோதா கண்டுபிடிச்சார்னு சொல்லுவாங்க. இதுல மேஜரும் கிடையாது, மைனரும் கிடையாது. டியை ஸட்ஜமா வச்சுப் பாருங்க: ஸ ப ஸ ம ப ஸ. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? நம்ம வீணையோட நாலு வாசிப்புக் கம்பியும் ஸட்ஜமும் பஞ்சமமும்தானே! வீணை வித்வானைப் பார்த்து யாரும் குறுக்கு வழின்னு சொல்றதில்லை.

மாஸ்டர் பக்கமும் நியாயம் இருக்கு. பாண்டுல வாசிக்கிறவனுக்குப் பாட்டுக்குப் பாட்டு ஸ்கேல் மாறும். மேடையில நின்னு திருகிட்டிருந்தா கல்ச்சுரல்ஸ் கூட்டம் விடுற ஊளை இருக்கே, அப்பப்பா. கத்துக்கிட்ட ஷேப்பெல்லாம் இடம் மாறிப்போகும். சில பேர் ஓப்பன் ட்யூனிங் வச்சுக்கிட்டு எல்லாப் பாட்டையும் ஒரே பாட்டாக்கிடுவாங்க, அதையும் கேட்டு நொந்திருக்கேன். அதுக்காக ஸ்டாண்டர்டு தெரிஞ்ச பிறகுதான் மத்ததுன்னு வரிசை போடறது ஏன்? விரல் ஒத்துழைக்காதவங்க இங்கேயே ஆரம்பிக்கட்டுமே.

செலவே இல்லை. ஆறாவது, ரெண்டாவது, முதல் கம்பி, இந்த மூணையும் ஒரு முழு ஸ்வரம் இறக்குங்க, டி ஏ டி ஜி ஏ டி ரெடி. இறக்குறதால கம்பி அறுந்துடுமோங்கிற பயமும் வேண்டாம். (ஏத்துற ட்யூனிங்கில்தான் ஜாக்கிரதை. ஓப்பன் ஈ வேணும்னா மூணு கம்பியை ஏத்தணும். அதுக்குப் பதிலா ஓப்பன் டி வச்சு ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ மாட்டிடுங்க.)

அப்புறம் முதல் கம்பியில மட்டும் ஒரே விரலால சும்மா, 2, 5, 7, 9, 12ன்னு வாசிங்க. அது சுத்த சாவேரி. மத்த அஞ்சு கம்பியும் ஸ்ருதிப்பெட்டி மாதிரி கூடவே ஒலிக்கட்டும், ஒண்ணும் அபஸ்வரமா இருக்காது. மோகனம் வாசிக்கணும்னா மூணாவது கம்பியை மட்டும் தொடாதீங்க, அது மத்யமம்.