முகமூடி ஒன்று; கண்கள் நான்கு



பாடநூலுக்கு வெளியே ஒரு செய்தியை இன்று எழுத வேண்டியுள்ளது. பழைய மகிழுந்தை வீட்டு வாசலிலேயே பற்றவைத்துச் சீரமைக்கும் தந்தையர் இதனைப் படிக்க வேண்டும் என்பது என் அவா.

சில மாதங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கண்களைத் திறக்க முடியாமல் வகுப்புக்கு வந்தான். இமைகள் வீங்கியிருந்தன, கண்ணீர் நிற்கவில்லை. தொற்றும் கண்நோய் என்று எண்ணி அவனை மற்ற மாணவர்களிடமிருந்து விலக்கி அமர வைத்தேன். "கண்ணுல மணல் விழுந்த மாதிரி இருக்கு, சார்" என்று அவன் சொன்னபோதுகூட எனக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் மருத்துவர். முதல் நாள் மாலை, அவன் தந்தை தம் பழைய புரோட்டோன் சாகாவின் துருப்பிடித்த தரைத்தகட்டைப் பற்றவைத்திருக்கிறார். மகன் அருகில் நின்று கைவிளக்கைப் பிடித்திருக்கிறான். "நான் முகமூடி போட்டுத்தான் சார் செஞ்சேன்" என்றார் தந்தை. உண்மைதான். முகமூடி ஒன்று, அங்கிருந்த கண்களோ நான்கு.

அவரை நான் குறைகூறவில்லை. 1985 ஜூலையில் அறிமுகமான சாகா, நம்மவர் பலரின் குடும்பத்தில் முதல் மகிழுந்து. அதைக் கழிவிரும்புக் கடைக்கு அனுப்பாமல் காப்பாற்ற நினைப்பது நன்றியுணர்வு. தந்தையின் கைத்தொழிலை மகன் அருகிருந்து பார்ப்பதும் நல்ல கல்வியே. ஆனால், இத்தொழிலில் ஒரு சூது உண்டு. அதன் தீங்கு பெரும்பாலும் அப்போதே தெரிவதில்லை. தாமதித்து வரும்; சில வேளைகளில் வேறொருவர் மேல் வந்து விழும்.

பற்றவைப்பின் ஒளியில் புற ஊதாக் கதிர் இருக்கிறது. வெயில் தோலைச் சுடுவது போல அது கண்ணின் மேற்படலத்தைச் சுடுகிறது. வலியோ 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தொடங்கும். மாலையில் மத்தாப்பு போல் அழகாகத் தெரிந்தது, நள்ளிரவில் எரிச்சலாக மாறும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். அதற்குள் தாய்ப்பால் விடுவதும், உருளைக்கிழங்குத் துண்டை வைப்பதும் வேண்டாம், மருத்துவரிடம் செல்லுங்கள். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதற்குப் போதாது. மின்வில் பற்றவைப்புக்கு 10-ஆம் எண்ணோ அதற்கு மேற்பட்டதோ உள்ள கருங்கண்ணாடி பொருத்திய முகமூடி தேவை.

புகையும் அப்படித்தான். கூரைக்குப் போடும் ஜிங்க் தகட்டை வெட்டி ஓட்டையை அடைப்பவர் உண்டு. அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு எரிந்து புகையாகும். அதனைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். மழையில் நனைந்த காய்ச்சல் என்று பனடோல் விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வார். பற்றவைப்புப் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 2017-இல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தத் தீங்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகும்.

தீயும் காத்திருக்கும். தகட்டின் இந்தப் பக்கம் நாம் பற்றவைக்க, அந்தப் பக்கம் உள்ள கம்பளமும் தார்ப்பூச்சும் கமறத் தொடங்கும். கருவியை எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போன பிறகுதான் சுடர் எழும்.

தாமதமின்றி வருவதும் ஒன்று உண்டு. அது பெட்ரோல் கலன். நிறைந்த கலனைவிடக் காலிக்கலன் ஆபத்தானது. காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு பெட்ரோல் ஆவி இருந்தாலே அது தீப்பற்றும். "காலிதானே" என்று நினைத்துப் பொறியை அருகில் கொண்டு போகலாகாது. கலனைக் கழற்றித் தொலைவில் வையுங்கள். கலனிலேயே ஓட்டை என்றால் அதனை அடைக்கும் வேலை வீட்டு வேலையன்று.

"எத்தனை ஆண்டாகச் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பர் சிலர். ஆனதை அவர்கள் பற்றவைப்போடு தொடர்புபடுத்தவில்லை என்பதே என் பதில். பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் 1994-ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. விடுமுறை நாளில் நம் வீட்டு வாசலில் நடக்கும் வேலையைப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். அங்கே சட்டமும் அதிகாரியும் தந்தைதான்.

ஆகவே, தந்தையரிடம் என் வேண்டுகோள் இது. வேலையைத் தொடங்குமுன் மின்கலத் தொடர்பைக் கழற்றுங்கள். தகட்டின் மறுபக்கத்தைப் பாருங்கள். தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். ஆனால் மின்சாரம் ஓடும்போது தண்ணீரைத் தொடாதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் செய்யாதீர்கள். முடித்தபின் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருங்கள்.

பிள்ளை பார்க்க விரும்பினால் இரண்டாவது முகமூடி ஒன்றை வாங்குங்கள்; கை, கால்களை மூடும் பருத்தி உடையை அணிவியுங்கள். வாங்க இயலாதா? பொறி பறக்கும் நேரத்தில் அவனை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, தகடு ஆறியபின் கூப்பிட்டுக் காட்டுங்கள். துருவைச் சுரண்டுவதும் அளவெடுப்பதும் அவனுக்குப் போதுமான பாடம்.

அந்த மாணவன் இரண்டு நாளில் நலம்பெற்றுத் திரும்பினான். அவனைத் தனியே ஒதுக்கி அமர வைத்ததற்காக நான் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. "சார், அப்பா எனக்கும் ஒரு முகமூடி வாங்கிட்டாரு" என்றான்.

எல்லா வீட்டிலும் அது கண் வலிக்கும் முன்பே வாங்கப்பட வேண்டும்.