கூரையை மறந்து குளிரைத் தேடுவதா?

மின்கம்பி எட்டாத இடத்திலே குடில் கட்டிக்கொண்டு வாழ விரும்புவோரும், வாழ்ந்தே தீரவேண்டியோரும் தமிழ்நாட்டில் இன்றும் உளர். வானம் பார்த்த புன்செயில் விளைச்சலைக் காத்துக் கிடக்கும் உழவர். மலையடித் தோப்புக்குக் காவலிருப்போர். நகரத்து இரைச்சலுக்கு அஞ்சிச் சிறு நிலம் வாங்கி ஒதுங்கிய ஓய்வு பெற்றோர். முன்னவர் இருவருக்கும் குடில் பிழைப்பு. பின்னவர்க்கு அது விருப்பம். வெயிலோ மூவருக்கும் ஒன்றே.

இவர்களை நாடி இக்காலத்தே வணிகர் சிலர் வருகின்றனர். “ஐயா, கூரைமேல் எட்டுத் தகடு போடுங்கள், குளிரூட்டி தானே ஓடும், கம்பியும் வேண்டா, கட்டணமும் வேண்டா” என்கின்றனர். கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது. கடன்பட்டுத் தகடும் பொறியும் வாங்குகிறான் உழவன். சித்திரை வருகிறது. பகல் முழுதும் பொறி ஓய்வின்றி ஓடுகிறது, அறை குளிர்ந்தபாடில்லை. விளக்கேற்றும் வேளைக்குள் மின்கலம் வற்றிவிடுகிறது. இரவெல்லாம் பழைய ஓலைவிசிறியே துணை. பிழை எங்கே? தகட்டிலும் இல்லை, பொறியிலும் இல்லை. தலைக்குமேற் கிடக்கும் துருவேறிய தகரத்தில் இருக்கிறது. விற்க வந்தவர் அதனை ஒருகால் நிமிர்ந்து பார்த்தாரா? பார்த்திருப்பின் எட்டுத் தகடு விற்றிருக்க மாட்டார்!

ஒரு கணக்கைப் பார்ப்போர்க்கு இதன் உண்மை விளங்கும். 12 அடி அகலமும் 15 அடி நீளமும் உள்ள குடிலின் கூரை 180 சதுர அடி. அஃதாவது ஏறத்தாழ 16 சதுர மீட்டருக்கு மேல். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டரின்மேல் விழும் ஞாயிற்றாற்றல் சற்றொப்ப 1,000 வாட்டு. எனவே அக்கூரைமேல் பொழிவது 16 கிலோவாட்டு. 1 டன் குளிரூட்டி என்பதோ 3.5 கிலோவாட்டு வெப்பத்தை மட்டுமே அகற்ற வல்லது. பொழிவதெல்லாம் உள்ளிறங்குவதில்லை என்பது மெய்யே. ஆயினும் காய்ந்த தகரம் உலைமூடியாகி, கீழிருப்போர்மேல் தன் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும் வரை, அச்சிறு பொறி எதனை வெல்லும்? ஓட்டைக் குடத்தில் நீர் முகக்கும் வேலையை மின்சாரம் கொண்டு செய்வதற்குப் பெயர் முன்னேற்றம் ஆகாது.

நம் நாட்டிலே வெப்பத்தின் தலைவாயில் கூரையே, சுவர் அதற்கடுத்தது. ஏப்பிரல் திங்களிலே தென்குமரி தொடங்கிச் சென்னை வரை, நண்பகல் ஞாயிறு ஒவ்வோர் ஊருக்கும் உச்சிக்கு நேராக வந்து நிற்கிறது. ஆகலின் முதற்காசு கூரைக்கே செல்லுதல் வேண்டும். தகரத்தின்மேல் வெண்சுண்ணாம்பு பூசினாலே விழும் ஒளியின் பெரும்பங்கு வானுக்குத் திரும்பிவிடும். மழை அதனைக் கரைக்கும், ஆண்டுதோறும் பூசுதல் வேண்டும், அவ்வளவே தொல்லை. அடுத்துச் செய்யத்தக்கது இரட்டைக் கூரை. தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கிற்பாய் கட்டி, அவ்விடைவெளியின் இரு முனைகளையும் திறந்துவைத்தால், இடையிற் சூடேறிய காற்று தானே வெளியேறும். இறவாரத்தை மூன்றடி நீட்டினால் சுவர் நிழலில் நிற்கும். மேற்குச் சுவரை ஒட்டிப் பந்தலிட்டு அவரையும் புடலையும் படரவிட்டால் நிழலும் ஆயிற்று, கறியும் ஆயிற்று. கல்நார்த் தகடு வேய்ந்தோர் அதனைத் துளையிடவும் அறுக்கவும் துணியாதிருத்தல் வேண்டும். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

ஓலைக்கூரையே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்வோரும் உளர். அது குளிர்ச்சியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் சில ஆண்டுக்கொருமுறை அதனை மாற்றி வேய்தல் வேண்டும், ஆள் கிடைப்பதில்லை, தீப்பொறி ஒன்று போதும், குடியே அழியும். கற்காரைத் தளத்தின் கீழ் மின்விசிறிக் காற்றில் அமர்ந்து ஓலைக்குடிலைப் போற்றுவோர் ஒரு முறையேனும் கூரை வேய்ந்து பார்த்தல் நன்று. கற்காரைக்கும் ஒரு குறை உண்டு. பகலெல்லாம் உண்ட வெப்பத்தை அது இரவில் உமிழும். தகரமோ நண்பகலில் உலை, ஞாயிறு மறைந்த சிறிது நேரத்திலே ஆறிவிடும். இரவுறங்க மட்டும் குடில் வேண்டுவோர் இதனை எண்ணிப் பார்த்துக் கூரையைத் தெரிவு செய்தல் வேண்டும்.

கூரைக்கு அடுத்தது காற்று. பலகணிக்குத் தமிழர் இட்ட பழம்பெயர்களுள் ஒன்று காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றுக்கு வழியாவதே அது. அழகுக்கு அமைத்த ஓட்டையன்று. வடக்கிருந்து வருவது வாடை, தெற்கிருந்து வருவது தென்றல், கிழக்கு கொண்டல், மேற்கு கோடை எனத் திசைக்கொரு பெயரிட்ட இனத்தார், எத்திசைக் காற்றை உள்ளே அழைப்பது, எதனைத் தடுப்பது என அறிந்தே இட்டனர். தென்புறம் தாழ்வாக ஒரு காலதர், எதிர்ப்புறம் கூரை முகட்டுக்கு அருகே ஒரு திறப்பு. இவ்விரண்டும் இருந்தால் சூடேறிய காற்று மேலே போகக் குளிர்காற்று கீழே நுழையும். மேல்காற்று அனலாய் வீசும் நண்பகலில் மூடிவைத்து, மாலையில் திறப்பதே முறை.

நீரைக் கொண்டு குளிர்விக்கும் வழியும் உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது, ஒரு கிலோவாட்டுப் பொறி நாற்பது நிமையம் ஓடினால் வெளிவிடும் அளவு வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்ட பழக்கம் இதனாலேயே பயன் தந்தது. ஆயினும் இது வேலூர், கரூர் போன்ற உள்நாட்டு வறண்ட வெயிலுக்கே ஏற்றது. கடற்கரையூரில் காற்றே ஈரத்தால் நிறைந்திருத்தலின் நீர் ஆவியாகாது; புழுக்கமே மிகும். குளிரூட்டியின் தொடக்கமும் ஈரத்தை ஒட்டியதே. 1902-இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில் ஈரக்காற்றால் தாள் சுருங்கியும் விரிந்தும் அச்சைக் கெடுத்தமையாலேயே வில்லிசு கேரியர் தம் பொறியை வகுத்தார். மாந்தர்க்கன்று, தாளுக்கென்று பிறந்த பொறி அது!

இவ்வளவும் செய்த பின்னரே மின்சாரத்தைப் பற்றிப் பேசுதல் வேண்டும். கடைகளில் பி.எல்.டி.சி. எனப்பெறும் புதுவகை மின்விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் சுழல்கிறது. பழையது 75 வாட்டு உண்ணும். புதுவிசிறி இரண்டு நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் 720 வாட்டுமணி; 9 வாட்டு விளக்கு நான்கு ஐந்து மணி எரிந்தால் 180; கைப்பேசிக்கும் வானொலிக்கும் 100. ஆக மொத்தம் 1,000 வாட்டுமணி, அஃதாவது 1 அலகு. நம் நாட்டு வெயிலில், சூடும் தூசும் தின்றது போக, 300 வாட்டுத் தகடொன்றே இதனைத் தந்துவிடும். தகர அறையில் ஓயாது ஓடும் 1 டன் குளிரூட்டியோ 8 மணி நேரத்தில் 8 அலகு வரை விழுங்கும். குடிலின் மற்றெல்லாத் தேவைக்கும் ஒன்று. அதற்கு மட்டும் எட்டு. எட்டுத் தகடு வந்த வழி இதுதான்.

ஒளியில் நமக்குக் குறைவில்லை. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட்டு ஆலையே எழுந்தது. குடிலில் குறைவது ஒளியன்று, அதனைச் சேர்த்துவைக்கும் கலம். அக்கலத்துக்குப் பெரும்பகை வெப்பம். ஈயக்காடி மின்கலம் 25 பாகை வெப்பநிலையில் வாழும் நாளில், 35 பாகையில் வாழ்வது பாதியே. காய்ந்த தகரக் கொட்டிலின் மூலையில் அதனை வைத்தோர் இரண்டாண்டில் மீண்டும் கடைக்குச் செல்வதன் கரணியம் இதுவே. மேலும் அதன் கொள்ளளவில் பாதியே எடுத்தல் நன்று. இலித்திய மின்கலத்தில் ஐந்தில் நான்கு பங்கு எடுக்கலாம். மழைக்காலத்து இருண்ட நாள்களுக்காக இரண்டு நாள் தேவையை இருப்பில் வைத்தல் வேண்டும். தகட்டையும் கூரையோடு ஒட்டிப் பதித்தல் தவறு. அரையடி உயர்த்திப் பொருத்தினால் கீழே காற்றோடும், தகடும் ஆறும், கூரைக்கும் அதுவே நிழலாகும். 60 பாகைக்குச் சூடேறிய தகடு தன் குறித்த ஆற்றலில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கை இழந்துவிடுகிறது.

இவற்றால் குளிரூட்டியே கூடாதென்பது பொருளன்று. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி உடலையே குளிர்விக்கிறது. காற்று 40 பாகையைக் கடந்தபின் விசிறி உடலைச் சூடேற்றும் என உலக நலவாழ்வு அமைப்பு எச்சரித்துள்ளது. புன்செய்க் குடிலிற் பகலெல்லாம் தனித்துக் கிடப்பவர் பெரும்பாலும் முதியோர். வயதேற ஏற நீர்வேட்கை மங்கும். உடலின் வியர்க்கும் திறனும் குறையும். “வெயில் எங்களுக்குப் பழகியதுதான்” என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுதலும் நேரும். அத்தகையோர் உள்ள குடிலில், நிழலும் மேற்பாயும் அமைந்த சிறு அறை ஒன்றுக்கு மட்டும் சிறு குளிரூட்டி வைத்தல் தகும். அதனை நண்பகலிலே, தகடு மின்சாரம் பொழியும்போதே ஓட்டினால், மின்கலத்தைத் தொடவேண்டிய தேவை பெரிதும் குறையும். அது வாங்க இயலாதோர் நனைத்த துணியை முதியோர் மேனியிற் போர்த்தி, நிழலில் அமர்த்தி, நீர் பருகத் தருதல் வேண்டும்.

சுண்ணாம்பு பூசவும் பாய் கட்டவும் ஏற்ற காலம் மாசித் திங்கள். பங்குனி முடிவதற்குள் கூரைவேலை முடிந்துவிட வேண்டும். அதன்பின் சித்திரையில் ஒரு கிழமை அக்குடிலில் இருந்து பார்த்து, இன்னும் எவ்வளவு குளிர் வேண்டும் என்று கண்ட பின்னரே தகட்டு வணிகரை வீட்டுக்கு அழைக்கலாம்.