கறுத்த கண்ணாடிக்கு மேலும் கறுப்பு எதற்கு?

நிழலை நாடுதல் வன்னி மண்ணில் வாழ்வோர்க்கு இயல்பு. குளத்து நீரையே உறிஞ்சிக் குடிக்கும் கோடை வெயிலில், குளக்கட்டு மருத மரத்தின்கீழ்ச் சற்றேனும் ஒதுங்காத வழிப்போக்கர் உளரோ? ஆதலின், வவுனியா நகரை அடுத்த நெளுக்குளத்தில் ஒருவர் தம் காரின் யன்னல்களுக்கு ‘ரின்ற்’ தாள் ஒட்ட விரும்புவாராயின், அவ்விருப்பத்தைப் பழித்தல் நியாயமன்று. கறுப்பெல்லாம் குளிர்ச்சி என்று எண்ணும் எண்ணமே பழித்தற்குரியது.

நம் தெருக்களில் ஓடும் கார்களிற் பல யப்பானிலிருந்து வந்தவை. 2020இல் நிறுத்தப்பட்ட இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கிய பின் வந்து சேர்ந்தவையும் அவற்றுள் அடங்கும். முன் கண்ணாடியும் சாரதியின் இருமருங்குக் கண்ணாடிகளும் 70 வீத ஒளியையேனும் உட்புகவிடல் வேண்டும் என்பது யப்பானிய விதி. பின் கண்ணாடிகளுக்கு அத்தகைய எல்லை இல்லை. எனவே பின்னிருக்கையாரின் மறைவுக்காகத் தொழிற்சாலையிலேயே கறுத்த கண்ணாடியைப் பூட்டி அனுப்புகின்றனர். அக்கறுப்பு கண்ணாடியின் உடம்பிலேயே கலந்தது, சுரண்டினாற் போவதன்று.

இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. 25 வீத ஒளியை விடும் கண்ணாடியில் 35 வீத ஒளியை விடும் தாளை ஒட்டினால் எஞ்சுவது எவ்வளவு? பலரும் 35 என்பர். இது பெருக்கற் கணக்கு. நூறில் ஒன்பது பங்கு ஒளிகூட உள்ளே வாராது. கடைக்காரர் ‘கடுங்கறுப்பு’ என்று காட்டும் 5 வீதத் தாளை ஒட்டினாலோ, மிஞ்சுவது ஒன்றேகால் வீதமே. பகலிலேயே இரவைக் காசு கொடுத்து வாங்குதல் என்பது இதுதான்.

இத்தனை இருளுக்குப் பின்னும் வெப்பம் குறைந்ததா என்றால், எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஞாயிற்றின் சக்தியில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிர்களாகவே வருகின்றது. (தமிழ்நாட்டார் இதனை அகச்சிவப்பு என்பர், எப்பெயரால் அழைப்பினும் சூடு ஒன்றே.) கறுத்த கண்ணாடி வெப்பத்தில் ஒரு பகுதியைத் தான் உண்டு, தானே சூடேறி, அதிற் கொஞ்சத்தை உள்ளே உமிழ்கின்றது. மலிவான சாயத் தாளும் ஏறத்தாழ அவ்வாறே. போதாக்குறைக்குச் சில ஆண்டுகளில் ஊதா நிறமாகிக் கொப்பளித்தும் விடும். உலோகம் பூசிய தாள் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். ஆனாற் கைத்தொலைபேசி, வானொலி அலைகளோடும் பிணங்கக்கூடும். செரமிக் தாளோ, 70 வீத ஒளியை உள்ளே விட்டுக்கொண்டே செங்கீழ்க் கதிரிற் பெரும்பகுதியைத் தடுக்க வல்லது. விலை கூடியதுதான். எனினும் வாங்குவது குளிர்ச்சியா, கறுப்பா என்று முதலில் தெளிதல் வேண்டும்.

அயல்நாட்டார் இதனை நீதிமன்றம் வரை கொண்டு சென்றனர். கார்க் கண்ணாடிகளிற் கறுப்புத் தாள் ஒட்டுதல் எவ்வளவு மெல்லியதாயினும் ஆகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27ஆம் நாள் தீர்ப்பளித்தது. பின்னர் விதிகள் திருத்தப்பட, முன் பின் கண்ணாடிகள் 70 வீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 வீதமும் ஒளி விடுமாயின் தாள் குற்றமன்று என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டெம்பரிற் கூறியது. ஒட்டுவதா இல்லையா என்ற வழக்கு, எவ்வளவு வெளிச்சம் என்ற கணக்காக முதிர்ந்தமை எமக்கு உவப்பானதே.

ஆனால் வன்னியில் இது வெறுங் கணக்கோடு முடிவதன்று. ‘வெள்ளை வான்’ என்னும் இரு சொற்கள் இந்நாட்டில் ஒரு வாகனத்தின் பெயராக மட்டும் நின்றனவா? உள்ளிருப்போர் யாரெனத் தெரியாத வண்டி வீட்டுப் படலையில் வந்து நின்றால் நெஞ்சு பதைத்த தாய்மார் இன்றும் நம்மிடையே உள்ளனர். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் வவுனியாத் தெருவோரத்திற் பந்தலிட்டு அமர்ந்ததை நாடறியும். அந்தத் தெருவில் முகம் தெரியாத கறுத்த வண்டியிற் செல்லுதல், செல்பவருக்கு அழகாய்த் தோன்றலாம். தெருவோரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது வேறொன்று. சட்டம் இடங்கொடுப்பினும் பண்பு இடங்கொடாத செயல்கள் சில உண்டு.

இரவை எண்ணினால் அச்சம் இன்னும் மிகும். விளக்கில்லாச் சைக்கிள்களும் தெருவிற் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளும் நம் ஊர்களுக்குப் புதியனவல்ல. பின்னோக்கி வண்டி எடுக்கையில், முற்றத்தில் விளையாடும் குழந்தையை ஒன்றேகால் வீத வெளிச்சத்திற் காண்பது எவ்வாறு?

ஒட்டத்தான் வேண்டுமெனின், பின் கண்ணாடிகளுக்குத் தெளிந்த செரமிக் தாளே போதும். கறுப்பு அங்கே ஏற்கெனவே உண்டு. சாரதிக்கு அருகிலுள்ள கண்ணாடிகளிற் கறுப்பு வேண்டவே வேண்டாம். கடையில் நிறத்தைக் கேளாது, மொத்தச் சூரிய சக்தியில் எத்தனை வீதம் தடுக்கப்படும் என்று கேட்க. செங்கீழ்க் கதிருக்கு மட்டும் 99 வீதம் என்று பறையறைந்தால், அது ஒரே அலைநீளத்துக்கு எடுத்த அளவாகவும் இருக்கலாம். ஒளிமானியை எடுத்து வருவாராயின், தாளைத் தனியே பிடித்துக் காட்டுவதை ஏற்காது, கண்ணாடியோடு சேர்த்து அளக்கச் சொல்லுக.