ஞானம் அல்ல, பயிற்சி: கிட்டாரும் விடுதிப் பிள்ளைகளும்

இளையராஜா பற்றிப் பேச்சு எடுத்தால் உடனே வந்து விழும் சொல் 'பிறவி ஞானம்'. புகழ்ச்சிதான். ஆனால் இந்தச் சொல்லை நாம் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, விரல் தேயப் படித்த படிப்பை 'கடவுள் கொடுத்தது' என்று சொல்லிவிட்டால், அந்தப் படிப்பு மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.

வரலாறு வேறு. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர், அண்ணன் பாவலர் வரதராஜனின் கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராக வாசித்தார். 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார். 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் ஒரு மாணவனின் பல ஆண்டுகள் இருக்கின்றன. தன்னைச் சாதி அடையாளத்தோடு பார்ப்பதை அவர் விரும்புவதில்லை. அது அவர் உரிமை. 2022இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டு அவர் எழுதிய முன்னுரையை நாம் ஏற்கவில்லை. அது நம் உரிமை. இரண்டையும் தாண்டி, அவர் கற்ற விதத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

கிளாசிக்கல் கிட்டார் என்பது என்ன? சர்ச்சிலும் கல்லூரி விழாவிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் கார்டு பிடித்து மேலும் கீழும் அடிப்பது. இது அதுவல்ல. நைலான் தந்தி. பிளாஸ்டிக் பிக் கிடையாது, விரல்தான். இடது காலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்து, அந்தத் தொடைமேல் கிட்டாரை அமர்த்த வேண்டும். இடது கைக் கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் நிற்கும். வலது கையில் கட்டைவிரல் கீழ்ச்சுருதித் தந்திகளைப் பார்த்துக்கொள்ளும். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் மேல்ச்சுருதித் தந்திகளைப் பார்த்துக்கொள்ளும். தந்தியை மீட்டிய விரல் அடுத்த தந்தியில் சாய்ந்து நின்றால் ஒரு நாதம். எதையும் தொடாமல் உள்ளங்கைப் பக்கம் வந்தால் இன்னொரு நாதம். இந்த இரண்டு வேறுபாட்டையும் விரல் தானாகச் செய்வதற்கே மாதங்கள் ஆகும்.

மௌரோ கியூலியானி என்ற இத்தாலியர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலது கைக்கு 120 பயிற்சிகள் எழுதினார். கிட்டார் படிக்கிறவர்கள் இன்றும் அதைத்தான் வாசிக்கிறார்கள். இடது கைக்கு அதில் இரண்டே கார்டுகள்: சி, ஜி செவன். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் தூக்கும் எந்தப் பிள்ளைக்கும் முதல் மாதத்திலேயே தெரிந்த கார்டுகள். அந்த இரண்டை வைத்துக்கொண்டு 120 விதமாக வலது கை விரல்களைப் பழக்குகிறார். மெதுவாக, மெட்ரோனோமை அறுபதில் வைத்து, ஒவ்வொன்றாக. இதில் ஞானம் எங்கே இருக்கிறது? இருப்பதெல்லாம் ஒரு தாள், ஒரு கருவி, தவறைச் சொல்லித் திருத்த ஒரு ஆசிரியர், தினமும் தொந்தரவில்லாத ஒரு மணி நேரம்.

இங்கேதான் சமூகவியல் வருகிறது. நம் மண்ணின் செவ்வியல் இசை குருவின் வீட்டுத் திண்ணையில் கைமாறியது. யார் அந்தத் திண்ணையில் ஏறலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்திக் கட்டித் தந்தவர்கள் நம் மக்கள். மேடையில் வாசித்தவர்கள் வேறு. டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் அந்தக் கதையைத்தான் எழுதியது. கிட்டார் படிப்போ தாளில் எழுதப்பட்டது. பாடத்திட்டம் அச்சில் இருக்கிறது. தேர்வாளர் முன்னால் வாசிக்க வேண்டும், அவர் மதிப்பெண் போடுவார். நீ எந்தத் தெரு என்று கேட்கும் இடம் அதில் இல்லை. பண்ணைப்புரத்து இளைஞருக்கு அந்தக் கதவு திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

அதற்காக மேற்கத்திய இசையைச் சாதியற்ற சொர்க்கமாக்க வேண்டியதில்லை. ஸ்பெயினில் கிட்டார் நெடுங்காலம் மதுக்கடைக் கருவியாகவும் நாவிதர் கடைக் கருவியாகவும்தான் பார்க்கப்பட்டது. ஆந்திரேஸ் செகோவியா (1893–1987) அதைப் பெரிய கச்சேரி அரங்குகளுக்குக் கொண்டு சென்றார். ஆனால் ஜிப்சி மக்களின் ஃப்ளமென்கோவை அதே அரங்கில் சமமாக உட்கார வைக்க அவருக்கு மனமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடியும் காலம்வரை கிட்டாரின் மேல்ச்சுருதித் தந்திகள் விலங்குக் குடலில் செய்தவை. நைலான் அதன்பிறகு வந்தது. தோலைத் தொட்டால் தீட்டு என்று நமக்குச் சொன்னவர்கள், குடல் நரம்பில் பிறந்த இசையைக் கைகூப்பிக் கேட்கிறார்கள். இழிவு பொருளில் இல்லை, யார் கையில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. பறைக்கு நடந்ததும் இதுதான்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோதுதான் நாடு நம் பெயரைக் கேட்டது. மேலே கல்வராயன் மலை, 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்களின் கைகள் அவர்களுக்கு வெட்டி வேலை செய்த கைகள். கிட்டார் வந்தால் சாராயம் ஒழியும் என்று சொல்லுமளவு நாம் வெகுளிகள் அல்ல. சாராயத்துக்கு விடை நிலம், கூலி, காவல்துறையின் நேர்மை. நாம் பேசுவது வேறொன்று: ஒரு பிள்ளை தன் கையைத் தனக்காகப் பழக்கிக்கொள்ளும் நேரம்.

அந்த நேரம் ஓரிடத்தில் இருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும், மலையில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் மாலை ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகள் இருக்கிறார்கள். தனியார் வகுப்புக்குப் பேருந்து ஏறிப் போக வேண்டியதில்லை. ஆசிரியர் வந்தால் போதும். களப்பணிக்காகப் போகும்போது நாம் பார்ப்பது, பெஞ்சில் தாளம் போட்டுப் பாடும் பிள்ளைகள், கைப்பேசியில் கிட்டார் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிள்ளைகள். வீடியோ வாசித்துக் காட்டும். மணிக்கட்டு வளைந்திருப்பதைப் பார்த்து, 'தோளைத் தளர்த்து' என்று சொல்லாது.

அரசிடம் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உண்டு. பக்கத்தில் விழுப்புரத்தில் ஒன்று. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பிரிவுகள். கிட்டார் அந்த ஏழில் இல்லை, பறையும் இல்லை. பள்ளிக் கல்வித் துறை கலைத் திருவிழா நடத்துகிறது, நல்லது. ஆனால் கற்றுக்கொடுக்காமல் போட்டி வைத்தால், வீட்டில் கற்றுக்கொள்ள வசதி உள்ளவர்தான் பரிசு வாங்குவார்.

இதற்கு எதிராக இரண்டு குரல்கள் வரும். ஒன்று, 'சாலையே இல்லை, கிட்டார் கேட்கிறீர்களா?' சாலையும் கேட்கிறோம். வயிறு நிறைந்த பிறகுதான் நமக்குக் கலை என்று யார் விதித்தது? அண்ணல் அம்பேத்கர் அரசியல் சட்டமும் எழுதினார், வயலினும் கற்றுக்கொண்டார். இன்னொன்று, நம் தோழர்களிடமிருந்தே வருவது: 'நமக்குப் பறை இருக்கும்போது வெள்ளைக்காரன் கருவி எதற்கு?' 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது பறையும் கிட்டாரும் ஒன்றாகத்தான் ஒலித்தன. பறை நம் உரிமை என்பது, பறை மட்டும்தான் நமக்கு என்று ஆகிவிடக் கூடாது. பிறப்பை வைத்துத் தொழிலைப் போல, பிறப்பை வைத்துக் கருவியும் ஒதுக்கப்பட வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு தயக்கம் பெற்றோரிடம் இருக்கிறது: கரும்பு வெட்டும், கட்டடவேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு விடுமுறையில் வேலை உண்டு, நகம் உடையும், கை காய்க்கும். கிளாசிக்கல் கிட்டாருக்கு வலது கை நகம் வளர்த்துத் தேய்க்க வேண்டும் என்பார்கள். அவசியமில்லை. ஃபெர்னாண்டோ சோர் நகமில்லாமல் விரல் சதையால் வாசித்தார். ஃபிரான்சிஸ்கோ தாரேகா தன் கடைசிக் காலத்தில் நகத்தை விட்டுவிட்டார். உழைக்கிற கைக்கும் இந்தப் பாடத்தில் இடம் இருக்கிறது.

எனவே நாம் கேட்பது சிறியது. ஒரு விடுதிக்குப் பத்து நைலான் கிட்டார். ஒன்று ஆறாயிரம் என்று வைத்தால் அறுபதாயிரம் ரூபாய். வாரம் இரண்டு மாலை வரும், சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கும் ஓர் ஆசிரியர். அறுந்த தந்திக்குப் பணம். தேர்வு எழுத விரும்பும் பிள்ளைக்குக் கட்டணமும் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போய்வரும் செலவும். கூடவே பறை ஆசானுக்கும் அதே சம்பளம். இதற்குப் புதிய நிதி தேட வேண்டாம். 2024இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்படும் பணம் இந்தப் பிள்ளைகளின் பணம்தான்.

இதை வாசிக்கும் விடுதிக் காப்பாளர்களும் ஆசிரியர்களும் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நாமும் கூட வந்து நிற்கிறோம். நம் பிள்ளைகளில் எல்லோரும் இளையராஜா ஆகப் போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. 120 பயிற்சியில் முதல் பத்தைத் தப்பில்லாமல் வாசித்தாலே போதும். பதினொன்றாவதைப் பழகவா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளை முடிவு செய்யட்டும்.