எக்ஸ்ரே படிப்பு: குறுகிய காலச் சான்றிதழ் போதுமா?

ஹைதராபாத்தின் நாச்சாரம், தொழிற்பேட்டையும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உள்ள பகுதி. இத்தகைய தொழிலாளர் பகுதிகளில் பள்ளிப் படிப்பை முடித்து விரைவில் வேலைக்குச் செல்ல விரும்பும் மாணவர்களை எக்ஸ்ரே தொழில்நுட்பப் படிப்பு ஈர்க்கிறது. ஆனால் சில மாதங்களில் கிடைக்கும் சான்றிதழ்கள் எதிர்காலத்தில் பயன்படுமா என்பதே கேள்வி.

மருத்துவம் சார்ந்த துணைப் பணிகளை முறைப்படுத்த மத்திய அரசு 2021-இல் தனிச் சட்டம் இயற்றியது. கதிரியல் மற்றும் படமெடுப்புத் தொழில்நுட்பமும் இதில் அடங்கும். துணை மருத்துவப் பணியாளராகக் கருதப்பட, குறைந்தது 2 ஆண்டுகளில் 2,000 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் வரையறை. குறுகிய காலச் சான்றிதழ்கள் இதற்குள் வாரா. சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் ஏற்பட்ட தாமதத்தைக் கண்டித்த உச்ச நீதிமன்றம், 2024 ஆகஸ்டில் மத்திய, மாநில அரசுகளுக்கு 2 மாத அவகாசம் அளித்தது.

இது வெறும் காகிதச் சிக்கல் அன்று. நோயாளியைச் சரியான நிலையில் நிறுத்தவும், கதிர் அளவைத் தீர்மானிக்கவும் தெரியாதவர் மறுபடியும் படமெடுக்க நேரிடும். நோயாளிக்குக் கதிர்வீச்சு இருமடங்காகும். பணியாளருக்கும் ஆபத்து உண்டு. அவர்கள் பெறும் கதிர்வீச்சு, எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லி சீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்கிறது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இதைக் கண்காணிக்கவே அளவீட்டு பேட்ஜ் அணிவிக்கப்படுகிறது.

எனவே கட்டணம் செலுத்துமுன் படிப்பின் கால அளவு, பயிற்சி நேரம், மருத்துவமனைப் பயிற்சி ஆகியவற்றை எழுத்துப்பூர்வமாகக் கேட்டறிவது அவசியம். மாநில கவுன்சில்கள் முழுமையாக இயங்கினால்தான், உரிய தகுதி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளி அறிய முடியும்.